தம்பி பேரைச் சொல்லி சயாம் ரயிலுக்குப் போன தாத்தா: பேர்ப் பட்டியல் எங்காவது இருக்கிறதா?

சுங்கை சிப்புட் பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிச் சொன்னால் விஷயம் புரியாது.

என் அம்மாவின் அப்பா 1943-ல், ஜப்பான்காரன் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் போன மாதம் அம்மாவின் தகரப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அவருடைய இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. 1979-ல், ஈப்போவில், ஆஸ்பத்திரியில் இறந்ததாக அதில் இருக்கிறது. தாத்தாவின் பேர், தாத்தாவின் அப்பா பேர் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அன்று இறந்தது தாத்தா இல்லை, அவருடைய தம்பி.

நடந்ததை அம்மா சொன்னபடி சொல்கிறேன். மலாயாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தாத் தோட்டம். ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் ஓடிவிட்டார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, பால்வெட்டு நின்றது. அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாது, மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டினார்கள். 1943 நடுவில் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி எழுதிய பட்டியலில் எங்கள் வீட்டிலிருந்து சின்னத் தாத்தாவின் பேர் வந்தது. அவருக்கு 17 வயது, கல்யாணம் ஆகவில்லை. தாத்தாவுக்கு 29. இரண்டு பெண் பிள்ளைகள், இளையவளான என் அம்மா கைக்குழந்தை.

லாரி விடியற்காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்தது. சின்னத் தாத்தாவுக்கு இரண்டு நாளாகக் குளிர்காய்ச்சல், பாயை விட்டு எழ முடியவில்லை. தம்பியால் வர முடியாது என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று தாத்தாதான் களத்துக்குப் போனார். தம்பியின் பேரைப் படித்தபோது "இருக்கேன்" என்று குரல் கொடுத்து லாரியில் ஏறிவிட்டார். கிராணிக்கு இரண்டு பேரையும் நன்றாகத் தெரியும். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தாராம், அப்புறம் அடுத்த பேரைப் படித்தாராம். பாட்டிக்கு விஷயம் தெரிந்தது லாரி சடக்கில் இறங்கிய பிறகுதான். தலைத்துண்டைக்கூட எடுத்துப் போகவில்லை. அது கொடியிலேயே கிடந்தது.

மூன்று மாத வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

ஏட்டுக் கணக்கில் தம்பி போய்விட்டார், அண்ணன் தோட்டத்தில் இருக்கிறார். அதனால் சின்னத் தாத்தா அண்ணன் பேரிலேயே வேலை செய்தார். 1948-ல் அவசரகாலத்தில் எல்லாருக்கும் அடையாள அட்டை எடுத்தபோதும் அண்ணன் பேரையே கொடுத்தார். ஜப்பான்காரன் போய் மூன்று வருடம் ஆகிவிட்டதே, இனி யாருக்குப் பயம் என்று அம்மா கேட்டிருக்கலாம். கேட்டதில்லை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். பாட்டி 1991 வரை இருந்தார். கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. அந்த 1979 சான்றிதழ் வீட்டுக்கு வந்தபோதும் கழற்றவில்லை. இன்ன நாளில் இறந்தார் என்று ஏற்கவே இல்லை என்பதால் தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் இதுவரை திதி கொடுத்ததும் இல்லை, படையல் போட்டதும் இல்லை.

அம்மா போன வருடம் தவறிவிட்டார். இனிமேல் இதை நான்தான் பார்க்க வேண்டும். என் கேள்விகள் மூன்று.

அங்கே இறந்த நம் ஆட்களின் பேர்ப் பட்டியல் எங்காவது உண்டா? இருந்தால் நான் தேட வேண்டியது சின்னத் தாத்தாவின் பேரை என்பது புரிகிறது.

"காசுக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள்" என்று எங்கள் உறவிலேயே சிலர் சொல்வார்கள். ஆள் பிடித்தது உண்மையில் எப்படி?

இறந்த நாள் தெரியாதவருக்கு எந்த நாளில் செய்வது?

---

பழைய தண்டவாளம் எழுதியது:

அம்மா, நான் அந்த ரயில் பாதை போன தாய்லாந்துக் காஞ்சனபுரிக்கு இரண்டு முறை போய் வந்தவன். என் பாட்டனாரின் மூத்த சகோதரர் அங்கே போனவர். உங்கள் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நல்ல செய்தியாக இல்லை, மன்னியுங்கள்.

நம் ஆட்களுக்கு முழுப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரண்டு முனையையும் இணைத்துவிட்டார்கள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், கொஞ்சம் அமெரிக்கர். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பேர், பட்டாள எண், இறந்த நாள் எல்லாம் இருக்கிறது. காரணம், அவர்கள் ராணுவக் கட்டுக்கோப்போடு அங்கே போனவர்கள். அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்து ஒளித்துக் குறிப்பு எழுதினார்கள், புதைத்த இடத்தை அடையாளம் வைத்தார்கள், போர் முடிந்ததும் ஒரு குழு பாதை நெடுகப் போய்த் தேடி எடுத்து வந்தது.

ஆசியத் தொழிலாளர்கள் போனது அவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல், அதில் பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர். இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 பேருக்குக் குறையாது என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான். எண்ணி எழுதி வைக்க அவர்களுக்கு ஓர் அதிகாரி இல்லை, டாக்டர் இல்லை, கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளை போட ஒருவர் இல்லை.

காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பேர், வயது, வீட்டார் சொன்ன ஒரு வரி. 22 வயது, 24 வயது, 31 வயது. முதல் தடவை போனபோது ஒரு மணிநேரம் அங்கே நின்று படித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்காகவும் அழுதேன், உண்மையாகத்தான் சொல்கிறேன். அப்புறம் நம் ஆட்கள் எங்கே என்று கேட்டபோது, தாவோன் வராராம் என்ற புத்த கோயிலுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பெரிய குழியிலிருந்து எடுத்த எலும்புகளை மொத்தமாக வைத்து ஒரு சமாதி இருக்கிறது. பேர் ஒன்றும் இல்லை. 2023-ல் நம்மவர்கள் அந்தக் கோயிலில் ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டாவது முறை போனது அதற்காகத்தான்.

இன்னொன்று. ஆற்றுப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி 1944-ல் ஜப்பானியர்களே கட்டிய ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. சுற்றுச் சுவரில் பல மொழிகளில் கல்வெட்டு, அதில் தமிழும் ஒன்று. அடித்துப் பட்டினிபோட்ட கையே எழுதி வைத்த தமிழ். அதன் முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

---

புதுசு 2001 எழுதியது:

படித்ததும் மனசு கனத்துவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அத்தனை ஆயிரம் பேர் இருந்தார்கள், காவல் குறைவு என்கிறார்கள். ஏன் தப்பி ஓடவில்லை? ஏன் எதிர்க்கவில்லை? பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இதைப்பற்றி அரைப் பக்கம்கூட இல்லை.

---

தைப்பிங் மழை எழுதியது:

தம்பி, கேட்டதில் தப்பே இல்லை. எனக்கு 74 வயது. என் அப்பா போய்த் திரும்பி வந்தவர். அவர் வாயால் கேட்டதை எழுதுகிறேன். பேத்தியம்மாவின் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கும்.

முதலில் ஆள் சேர்த்தது ஆசை காட்டித்தான். நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். தோட்டம் மூடிக் கிடக்கிறது, பிள்ளை பசியில் அழுகிறது. அந்த நேரத்தில் போனவனைக் காசுக்கு ஆசைப்பட்டவன் என்று யாராவது சொன்னால் அந்த வாயில் ஒரு நாள் முழுக்க வெறும் மரவள்ளிக்கிழங்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு, கைப்பிள்ளையோடு போனவர்கள் உண்டு. முதலில் போனவர்கள் மூன்று மாதம் கழித்தும் வரவில்லை, ஒரு கடுதாசிகூட இல்லை. ஆட்கள் உஷாராகிவிட்டார்கள். அதன்பிறகு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கட்டாயம் பண்ணினார்கள். அதுவும் போதாமல் தெருவில் பிடித்தார்கள். இலவசப் படம் என்று சொல்லிக் கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, அப்படியே ரயிலில் ஏற்றியதும் நடந்தது. என் அப்பா பிடிபட்டது ரோட்டில். உப்பு வாங்கப் போனவர். பாட்டி உப்புக்காக இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வோம்.

பேத்தியம்மா, உங்கள் தாத்தா போனது இந்தக் கட்டாயக் கணக்கு நடந்த காலத்தில். பட்டியலில் பேர் வந்துவிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அந்தக் காலையில் உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் ஏறியே ஆக வேண்டும், எவர் என்பதை மட்டும் அவர் மாற்றினார்.

இப்போது தம்பியின் கேள்வி. ஓடினார்கள். ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். எங்கே ஓடுவது? சாமான் ஏற்றும் பெட்டியில் நிற்கவைத்துப் பான் போங் வரைக்கும் கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நாள் கணக்கில் நடக்கவைத்திருக்கிறார்கள். மொழி தெரியாது, திசை தெரியாது, நாலு பக்கமும் மூங்கில் காடு. ஓடினவர்களில் மலேரியாவில் விழுந்தவர்கள்தான் அதிகம் என்பார் அப்பா. சிலரைத் தாய்லாந்துக் கிராமத்துக்காரர்கள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த ஜனங்களையும் மறக்கக்கூடாது. பூன் போங் என்று காஞ்சனபுரியில் ஒரு வியாபாரி, முகாம்களுக்குக் காய்கறி கொண்டுபோகும் படகிலேயே போர்க்கைதிகளுக்கு மருந்தும் பணமும் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பிடித்திருந்தால் குடும்பத்தோடு தலை போயிருக்கும்.

அப்பாவும் ஒரு முறை ஓடிப் பிடிபட்டார். முதுகில் அந்தத் தழும்பு இருந்தது. சின்ன வயசில் அவர் கிணற்றடியில் குளிக்கும்போது நான் தண்ணீர் ஊற்றுவேன், விரலால் தொட்டுப் பார்ப்பேன். என்னவென்று சொல்லமாட்டார்.

எதிர்க்கவில்லையா என்று கேட்டாய். நான் ஓர் ஆளைப்பற்றிச் சொல்கிறேன். பேர் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, "தண்ணிக்காரர்" என்றுதான் சொல்வார். 1943 மே மாதம் மழை பிடித்தது, மழையோடு காலராவும் வந்தது. மேல்முகாம்களில் நம் ஆட்கள் ஈசல் மாதிரி செத்தார்கள். ஜப்பான்காரன் காலராக் கொட்டகைப் பக்கமே வரமாட்டான். மூங்கில் கொட்டகை, மேலே ஓலையும் சரியாக இல்லை, மழை உள்ளே கொட்டும், ஆட்கள் சேற்றிலேயே கிடப்பார்கள். காலரா வந்தவனுக்கு உடம்புத் தண்ணீர் எல்லாம் போய்விடும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், "தண்ணி, தண்ணி" என்று மட்டும்தான் சத்தம் வரும். பக்கத்தில் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரைக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் சாவான்.

அந்தத் தண்ணிக்காரர் வேலை முடிந்து வந்ததும் ஒரு பழைய தகர டின்னில் தண்ணீர் கொதிக்கவைப்பார். ஈர மூங்கில் எரியாது, புகைதான் வரும், ஊதி ஊதிக் கண் வீங்கிப்போகும். தன் பங்கு உப்பை அதில் போடுவார். மூங்கிலைக் கணுவோடு வெட்டி அதுதான் குவளை. கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு ஆளாகத் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் விடுவார். அவரை உள்ளே போகாதே என்று காவல்காரன் அடித்தான். அடி வாங்கிக்கொண்டு மறுநாளும் போனார். அப்பா காலராவில் கிடந்தது நான்கு நாள். அந்த நான்கு நாளும் அந்தக் கைதான் தூக்கியது. "கை சுடும்டா, அந்த மூங்கில் குவளை பிடிச்சுப் பிடிச்சு அவர் கையே சூடா இருக்கும்" என்பார்.

அப்பா எழுந்து வந்தார். கொஞ்ச நாளில் தண்ணிக்காரர் அதே கொட்டகையில் கிடந்தார். அப்பா கொதிக்கவைத்துக் கொண்டுபோனார். தண்ணீர் தொண்டைக்குள் இறங்கவில்லை. பேர் கேட்பதற்குள் போய்விட்டார்.

அந்த ஒன்றுக்காகத்தான் அப்பா சாகும்வரை அழுதார். அடிபட்டதற்கு அழுது நான் பார்த்ததில்லை, "பேர் கேக்காம விட்டுட்டேன்" என்பதற்கு அழுவார். எங்கள் வீட்டில் யாருக்கும் பச்சைத் தண்ணீர் கிடையாது. ஊரே குழாயில் வாய் வைத்துக் குடித்த காலத்திலும் அப்பா கேத்தலில் கொதிக்கவைத்து, அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத்தான் கொடுப்பார்.

கடைசிக் கேள்விக்கு என் யோசனை. நாள் தெரியாமல் போனவர்களுக்குப் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசையில் கொடுப்பது வழக்கம். நாங்கள் தண்ணிக்காரருக்கு அன்றுதான் கொடுக்கிறோம். பேர் இல்லாமல்தான் கொடுக்கிறோம்.

---

பாப்பான் தாதி எழுதியது:

நான் ஓய்வுபெற்ற தாதி, ஈப்போ. தம்பி "ஏன் எதிர்க்கவில்லை" என்று கேட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அதே 1943-ல், பேத்தியம்மா சொல்லும் தோட்டத்திலிருந்து அதிக தூரமில்லாத பாப்பான் ஊரில் சிபில் கார்த்திகேசு இருந்தார். தாதி, மருத்துவச்சி. கணவர் டாக்டர் கார்த்திகேசு. மெயின் ரோட்டில் 74-ஆம் நம்பர் வீடு. பகலில் ஊர் ஜனங்களுக்கு வைத்தியம், இரவில் பின்வாசல் வழியாக, ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து வரும் போராளிகளுக்கு. குண்டுக் காயத்தைக் கழுவி, ரவையை எடுத்து, விடிவதற்குள் அனுப்பிவிடுவார். வீட்டில் வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்து வெளிநாட்டுச் செய்தி கேட்டார். அந்தக் குற்றத்துக்கே தலை போகும்.

1943-ல் கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ்காரர்கள் பிடித்தார்கள். அவர்கள் செய்ததை எல்லாம் நான் எழுதமாட்டேன். ஒன்றே ஒன்று. அவருடைய சின்ன மகளைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள், காட்டில் இருப்பவர்களின் பேரைச் சொல் என்று. அவர் சொல்லவில்லை. பிள்ளையைக் கடைசியில் இறக்கிவிட்டார்கள். 1945-ல் ஜப்பான் சரணடைந்த பிறகு வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. வைத்தியத்துக்கு இங்கிலாந்து கொண்டுபோனார்கள், ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1948 ஜூனில் 48 வயதில் இறந்தார். அடுத்த வருடம் உடலை ஈப்போவுக்கே கொண்டுவந்தார்கள். ஊரே திரண்டது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த தாதி எனக்கு இதைச் சொன்னார். வார்டில் இரவு டியூட்டி பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் கையில் இருந்த வேலையை நிறுத்தாமல் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டே இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பேத்தியம்மா, அவர் பேரில் ஈப்போவில் ஒரு சாலை இருக்கிறது. அவர் பேர்களைச் சொல்லாமல் காப்பாற்றினார். உங்கள் தாத்தா இன்னொருத்தர் பேரைச் சொல்லிக் காப்பாற்றினார். எனக்கு அந்த இரண்டையும் தனித்தனியாக நினைக்கத் தோன்றவில்லை. அந்தக் கிராணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த பேரைப் படித்தாரே. பட்டியலில் எழுதியவரும் அவர்தான் என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்த நொடியில் அவர் வாயைத் திறந்திருந்தால்?

ஒரு யோசனை. உங்கள் பெரியம்மா, அம்மாவுக்கு மூத்தவர், உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

---

சுங்கை சிப்புட் பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தைப்பிங் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. தாதியக்கா சொன்ன மறுநாளே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மாவுக்கு இப்போது 87. காது மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரு கேட்டீங்க?" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1946-ல் ஒரு நாள், பெரியம்மாவுக்கு 8 வயது. லயத்து வாசலில் புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாராம். சாக்கைக் கால்சட்டையாகத் தைத்துப் போட்ட ஓர் ஆள் வந்தார். கால் முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. பிள்ளைகளைப் பார்த்து ஒரு பேரைச் சொல்லி, அவர் வீடு எது என்று கேட்டார். அது சின்னத் தாத்தாவின் பேர். பிள்ளைகள் கையைக் காட்டினார்கள். சத்தம் கேட்டுச் சின்னத் தாத்தா வெளியே வந்து, "நான்தான், என்ன வேணும்?" என்றார்.

அந்த ஆள் திண்ணைக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு நடுங்கியது. "உன்னை நானே தூக்கிக்கொண்டு போய் வச்சேனேப்பா" என்றாராம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சின்னத் தாத்தாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பாட்டி உள்ளேயிருந்து வந்தார். வந்தவர் பாட்டியைப் பார்க்காமல் சின்னத் தாத்தாவைப் பார்த்தே சொன்னார். காலில் புண், அழுகி எலும்பு தெரிந்தது, மழை விட்ட நேரம், ஆற்றோரத்தில் நான்கு பேராகப் புதைத்தோம், எரிக்க விறகு கிடைக்கவில்லை. கடைசி இரண்டு நாள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, வேறு ஏதோ பேரைச் சொல்லி முனகிக்கொண்டே இருந்தார் என்றார். என்ன பேர் என்று சின்னத் தாத்தா கேட்டார். வந்தவர் சொன்னார். அது பெரியம்மாவின் பேர்.

பாட்டி அழவில்லையாம். வந்தவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். அவர் போன பிறகு சொன்னாராம், "அவரு சொன்ன பேருக்காரன் இதோ உக்காந்திருக்கான். எம் புருசன் பேரைச் சொல்லி யாரும் செத்தாருன்னு வந்து சொல்லல." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே விடவில்லை.

சின்னத் தாத்தா ஏன் 1948-ல் அண்ணன் பேரைக் கொடுத்தார் என்று நான் பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணிக்காகத்தான். அந்தப் பேரு உசுரோட இருக்கணும்ல" என்றார்.

அந்தத் தலைத்துண்டு இப்போது பெரியம்மாவிடம் இருக்கிறது. வெள்ளைத் துணி, பழுப்பேறி ஓரம் பிய்ந்திருக்கிறது. பாட்டி அதை ஒருமுறையும் துவைக்கவில்லையாம். என் கையில் கொடுத்தார். மோந்து பார்த்தேன், பாச்சை உருண்டை வாசம்தான் வந்தது.

மகாளய அமாவாசைக்கு முடிவு செய்துவிட்டோம். ஐயரிடம் பேசியபோது பேர் என்னவென்று கேட்டார். இரண்டு பேர் கொடுத்திருக்கிறேன். சின்னத் தாத்தாவுக்கும் அவருடைய சொந்தப் பேரில் இதுவரை யாரும் எள்ளும் தண்ணீரும் விட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தைப்பிங் ஐயா, ஒன்று கேட்கட்டுமா? அன்றைக்கு உங்கள் தண்ணிக்காரருக்கும் நான் ஒரு கை தண்ணீர் விடலாமா?

---

தைப்பிங் மழை எழுதியது:

விடும்மா. கொதிக்கவைத்து ஆறின தண்ணீராக இருக்கட்டும். ஒரு சிட்டிகை உப்பு.